காயத்திற்கு ஒரு சாரம் – கொலாஜன் டிரெஸ்ஸிங்

(இறுதியாண்டு மாணவன், தோல் தொழில்நுட்பப் பிரிவு)



"நீ தோல் படிக்கிறவன். செருப்பு, பெல்ட், பை என்று எதையாவது எழுதுவாய் என்று பார்த்தால், காயம், கட்டு என்று டாக்டர் வேலை பார்க்கிறாயே!" என்று மலர்க் குழு நண்பர்கள் கேலி செய்தார்கள். நியாயமான கேலிதான். ஆனால் விஷயம் தெரிந்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். நாங்கள் டேனரியில் டிரம்மில் போட்டுச் சுற்றுகிற மாட்டுத் தோலில் என்ன பொருள் இருக்கிறதோ, அதே பொருளைத்தான் இன்று ஆஸ்பத்திரியில் தீக்காயத்தின் மேலும், சர்க்கரை நோயாளியின் கால் புண் மேலும் மெல்லிய தாளாகப் போடுகிறார்கள். அந்தப் பொருளின் பெயர் கொலாஜன்.

பொருள் ஒன்றுதான், நோக்கம் மட்டும் நேர் எதிர். எங்களுக்குத் தோல் கெடவே கூடாது. மழையில் நனைந்தாலும், வெயிலில் காய்ந்தாலும் பத்து வருஷம் செருப்பு தாங்க வேண்டும். டிரெஸ்ஸிங் செய்கிறவருக்கோ அது கட்டாயம் கரைய வேண்டும். அதுவும் இஷ்டத்துக்கு அல்ல, நேரம் பார்த்துக் கரைய வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் கொலாஜன் டிரெஸ்ஸிங் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது முழுக்கப் புரிந்துவிடும். வாருங்கள், பார்ப்போம்.

கொலாஜன் என்றால் என்ன?

ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டிருக்கிறீர்களா? சாப்பிட்ட பிறகு உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் அல்வா போலக் கட்டியாகி நிற்கும். தச்சர் வேலைக்கு அந்தக் காலத்தில் பயன்படுத்திய வஜ்ஜிரம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. இரண்டுக்கும் மூலம் கொலாஜன்தான். கொலாஜனைச் சூடாக்கினால் அதன் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடுகிறது. 'கொலாஜன்' என்ற பெயருக்கே கிரேக்க மொழியில் 'பசையைத் தருவது' என்றுதான் பொருள்.

நம் உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் கொலாஜன். எலும்பு, தசைநாண், ரத்தக் குழாயின் சுவர், தோல் எல்லாவற்றிலும் இருக்கிறது. தோலில் மேல்தோல் என்பது மெல்லிய பூச்சு மாதிரி. அதற்குக் கீழே இருக்கும் உள்தோல்தான் பலம். தண்ணீரை நீக்கிவிட்டு எடை போட்டால் உள்தோலில் 70 சதவீதத்துக்கு மேல் கொலாஜனே. சிவில் தோழர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், உடம்பு என்ற கட்டடத்தின் முறுக்குக் கம்பி இதுதான்.

முறுக்குக் கம்பி என்பது வெறும் உவமை அல்ல. கொலாஜன் உண்மையிலேயே முறுக்கியது! மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கயிறு போல முறுக்கிக்கொண்டு ஒரு மூலக்கூறு ஆகின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் சுமார் 1000 அமினோ அமிலங்கள். அதில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். ஏன் கிளைசின்? அமினோ அமிலங்களிலேயே அதுதான் சின்னது. கயிற்றின் நடுவில் இருக்கும் நெருக்கடியான இடத்தில் அது ஒன்றுதான் அடங்கும். மூலக்கூறின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் சுமார் 1.5 நானோமீட்டர். ஒரு பென்சில் தடிமனுக்கு இதைப் பெரிதாக்கினால் நீளம் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் வரும். இப்படிப்பட்ட கயிறுகள் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டு நாராகின்றன. நார்கள் பின்னிப் பிணைந்து தோலாகின்றன.

இந்த மூன்று புரிக் கயிற்றைக் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? நம்ம சென்னையில்! சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்-ரே படம் எடுத்து ஆராய்ந்து, 1954-ல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்கள். 1955-ல் அந்த மாதிரியை அவர்களே மேலும் செம்மைப்படுத்தினார்கள். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு 'டிரிபிள் ஹெலிக்ஸ்' என்று பெயர் வைத்திருப்பது இந்தக் கண்டுபிடிப்பின் நினைவாகத்தான். தோலைப் பதனிடும் ஆராய்ச்சிக்காக 1948-ல் தொடங்கிய அதே நிறுவனத்தில்தான் பிற்பாடு காயத்துக்கான கொலாஜன் தாள்கள் பற்றிய ஆராய்ச்சியும் நடந்தது. ஆகவே தோல் படிக்கிறவன் காயத்தைப் பற்றி எழுதுவதில் தப்பில்லை, சரிதானே?

காயம் எப்படி ஆறுகிறது?

ஒர்க்‌ஷாப்பில் ஷீட் மெட்டல் விளிம்பு விரலைக் கிழித்துவிட்டது என்று வையுங்கள். அடுத்து என்னென்ன நடக்கிறது?

முதல் கட்டம் – ரத்தம் நிற்பது. ரத்தக் குழாய் அறுந்ததும் அதன் சுவருக்கு வெளியே இருக்கும் கொலாஜன் ரத்தத்துக்கு வெளிப்படுகிறது. ரத்தத்தில் மிதந்து போகும் தட்டணுக்கள் கொலாஜனைப் பார்த்ததும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. மற்றத் தட்டணுக்களையும் கூப்பிடுகின்றன. அடைப்பு உண்டாகிறது, ரத்தம் உறைகிறது. ஆக, 'இங்கே உடைப்பு' என்று முதல் தகவல் கொடுப்பதே கொலாஜன்தான்.

இரண்டாம் கட்டம் – துப்புரவு. முதல் மூன்று, நான்கு நாட்கள் காயம் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும். வெள்ளை அணுக்கள் கிருமிகளையும் செத்த திசுவையும் அப்புறப்படுத்துகின்றன. இடிந்த கட்டடத்தில் முதலில் செங்கல் ஜல்லியை வாருவது மாதிரி.

மூன்றாம் கட்டம் – கட்டுமானம். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் காயத்துக்குள் நகர்ந்து வருகின்றன. இவைதான் கொத்தனார்கள். புதிய கொலாஜனை உற்பத்தி செய்து பின்னுகின்றன. புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. காயத்தின் அடி சிவப்பாக, மணல் மணலாகத் தெரியும். டாக்டர்கள் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். ஓரத்திலிருந்து மேல்தோல் செல்கள் ஊர்ந்து வந்து மூடுகின்றன.

நான்காம் கட்டம் – சீரமைப்பு. அவசரத்தில் பின்னிய கொலாஜனைப் பிரித்து, இழுவிசை வரும் திசையைப் பார்த்துத் திரும்பப் பின்னும் வேலை. இது மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேலும் நடக்கும்.

சிவில் தோழர்களே, கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கழித்து சோதிப்பீர்கள் அல்லவா? தையல் போட்டு ஆறும் காயத்தின் கணக்கைக் கேளுங்கள். முதல் வாரத்தில் பழைய தோலின் பலத்தில் சுமார் 3 சதவீதம்தான். மூன்று வாரத்தில் சுமார் 20 சதவீதம். மூன்று மாதத்தில் 80 சதவீதத்தை ஒட்டி வரும். முழு 100 சதவீதம் என்பது திரும்ப வருவதே இல்லை. "தையல் பிரித்தாச்சு, கிரிக்கெட் ஆடலாமா?" என்று கேட்கிற நண்பர்கள் இதை ஒரு முறை படிக்கவும்.

இன்னொரு விஷயம். கொத்தனார் இருந்தால் போதுமா? சிமெண்ட் வேண்டாமா? கொலாஜன் சங்கிலிகள் முறுக்கி நிற்பதற்கு வைட்டமின் சி அவசியம். அது இல்லாவிட்டால் முறுக்கு நிலைக்காது. பழைய காலக் கப்பல் மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் வந்து ஈறு அழுகியது இதனால்தான். வருஷக்கணக்குக்கு முன் ஆறிப்போன தழும்புகூட அந்த நோயில் மறுபடி பிளந்துகொள்ளும். காரணம், உடம்பில் பழைய கொலாஜன் கரைவதும் புதியது சேர்வதும் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. ஆகவே நெல்லிக்காயும் எலுமிச்சையும் முட்டையும் பருப்பும் காயத்துக்கு உள்ளேயிருந்து போடும் மருந்து.

காயத்தைக் காய விடலாமா?

"கட்டைப் பிரித்துவிடு, காத்தாடட்டும், சீக்கிரம் காயும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. 'காயம்' என்பதால் காய வேண்டும் என்று நினைத்துவிட்டோமோ என்னவோ! 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் ஒரு சோதனை செய்தார். சில காயங்களைப் பொருக்குக் கட்டும்படி திறந்து விட்டார். சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடி ஈரமாக வைத்தார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது! பொருக்கு இருந்தால் மேல்தோல் செல்கள் அதற்கு அடியில் ஈரம் தேடிக் குடைந்து போக வேண்டும். ஈரமாக இருந்தால் நேராக ஊர்ந்து போகலாம்.

அதற்காக ஊறிப்போகவும் விடக்கூடாது. சுத்தமான, அளவான ஈரம் வேண்டும். தினமும் காய்ந்த காஸ் துணியைப் பிடுங்கி எடுக்கும்போது நோயாளி கத்துகிறாரே, ஏன்? புதிதாக வளர்ந்த திசு அந்தத் துணியோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிறது. நேற்றுக் கட்டிய சுவரை இன்றைக்கு நாமே இடிக்கிற கதைதான்.

கொலாஜன் தாள் செய்யும் வேலை

இப்போது நம் கதாநாயகனுக்கு வருவோம். சுத்தம் செய்த காயத்தின் மேல் கொலாஜன் தாளைப் போட்டால் என்ன நடக்கிறது?

ஒன்று, அது ஈரத்தைக் காத்துக் காயத்தை மூடுகிறது. தீக்காயத்தில் வெளியே தெரியும் நரம்பு நுனிகள் மூடப்படுவதால் வலி குறைகிறது.

இரண்டு, முன்பே சொன்னபடி தட்டணுக்கள் அதில் ஒட்டிக்கொள்வதால் ரத்தக் கசிவு நிற்க உதவுகிறது.

மூன்று, சாரமாக நிற்கிறது. மாடிக்குச் சுவர் எழுப்ப வேண்டுமானால் கொத்தனார் நிற்க சாரம் வேண்டும். கொலாஜன் வலையில் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கால் பதித்து ஏறிப் புதிய கொலாஜனைப் பின்னுகின்றன.

நான்கு, பலிகடா ஆகிறது! இது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம். பழைய கொலாஜனை வெட்டுவதற்கென்றே உடம்பில் கொலாஜனேஸ் வகை என்சைம்கள் உண்டு. தவளைக் குஞ்சின் வால் எப்படி மறைகிறது என்று ஆராய்ந்தபோது 1962-ல் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியேர் என்ற இருவர் இந்த என்சைமைக் கண்டுபிடித்தார்கள். அளவாக இருந்தால் இது துப்புரவுத் தொழிலாளி. மாதக்கணக்கில் ஆறாத புண்ணில் இந்த என்சைம்கள் அளவுக்கு மீறிப் பெருகிக் கிடக்கின்றன. கொத்தனார் பகலில் கட்டுவதை இவை ராத்திரியில் இடித்துவிடுகின்றன. வெளியிலிருந்து கொலாஜன் தாளைப் போட்டால் அந்த என்சைம்கள் இதைத் தின்பதில் மும்முரமாகிவிடும், உடம்பின் சொந்தக் கொலாஜன் தப்பிக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. மண்ணுக்குள் போகும் இரும்புக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க மெக்னீசியக் கட்டியை இணைத்துப் புதைப்பார்களே, அதே தத்துவம்.

ஐந்து, தினமும் பிடுங்க வேண்டியதில்லை. மேலோட்டமான தீக்காயத்தில் தாள் அப்படியே ஒட்டிக் காய்ந்துவிடும். அடியில் புதுத் தோல் வளர வளர ஓரத்திலிருந்து தானாகவே உரிந்து வரும். குழந்தைகளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

தோலிலிருந்து தாள் வரை

இன்-பிளாண்ட் டிரெயினிங்கில் பீம் ஹவுஸ் பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊற வைத்து, மயிரையும் ஜவ்வையும் எடுத்து, தடிமனான தோலை இரண்டு அடுக்காகப் பிளப்போம். மேல் அடுக்குக்கு மதிப்பு. அடி அடுக்கான 'ஸ்பிளிட்' கொஞ்சம் மட்டமான சரக்கு. ஆனால் கொலாஜன் என்று பார்த்தால் அந்த ஸ்பிளிட் முழுக்கச் சொத்து! மாட்டின் குதிகால் தசைநாண், பன்றித் தோல், மீன் தோல் ஆகியவற்றிலிருந்தும் கொலாஜன் எடுக்கிறார்கள். மருத்துவத்துக்கு எடுக்கும்போது நோயில்லாத, சான்றளிக்கப்பட்ட கால்நடையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சுத்தம் செய்து, கொழுப்பு நீக்கிய தோலைப் பொடியாக நறுக்கி நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஊற வைக்கிறார்கள். அதில் பெப்சின் என்சைமைச் சேர்ப்பார்கள். நம் வயிற்றில் இறைச்சியைச் செரிக்கிற அதே பெப்சின்தான். ஆனால் அது முறுக்கிய கயிற்றைத் தொட முடியாது. கயிற்றின் இரண்டு முனையிலும் பிரிந்து தொங்கும் நூல்களை மட்டும் நறுக்கிவிடும். அந்த முனைகளைத்தான் நம் உடம்பு 'அந்நியம்' என்று அடையாளம் கண்டு எதிர்க்கும் வாய்ப்பு அதிகம். முனையை நறுக்கியதும் மாட்டுக் கொலாஜனுக்கும் மனிதக் கொலாஜனுக்கும் உடம்புக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

இந்த வேலை முழுவதும் குளிரிலேயே நடக்க வேண்டும். கரைசலில் உள்ள கொலாஜன் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். நம்ம ஊர் மே மாத மத்தியானத்தில் வெளியே வைத்தால் கதை முடிந்தது!

பிறகு உப்புப் போட்டுக் கொலாஜனைத் திரிய வைத்து, சுத்தம் செய்து, தட்டில் ஊற்றிக் காற்றில் உலர்த்தினால் கண்ணாடி போன்ற மெல்லிய தாள். உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்தினால் பஞ்சு. கடைசியில் காமா கதிர் அல்லது எத்திலீன் ஆக்சைடு வாயு கொண்டு கிருமி நீக்கம். ஆட்டோகிளேவில் போட்டால் வஜ்ஜிரம்தான் கிடைக்கும்!

எல்லாம் சரி, உயிர்நாடி எங்கே?

தாளை உலர்த்திவிட்டால் மட்டும் வேலை முடியவில்லை. அப்படியே காயத்தில் போட்டால் என்சைம்கள் அதைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். சாரம் கட்டி முடிப்பதற்குள் சாரமே காணாமல் போனால் கொத்தனார் எங்கே நிற்பார்? இங்கேதான் எங்கள் டேனரிப் பாடம் உதவிக்கு வருகிறது.

தோல் பதனிடுதல் என்றால் என்ன? கொலாஜன் கயிறுகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்புப் போடுவது. ஆவாரம் பட்டை போன்ற தாவரச் சரக்கு ஒரு வகையில் போடுகிறது, குரோமியம் உப்பு இன்னொரு வகையில் போடுகிறது. பச்சைத் தோல் வெந்நீரில் 60 முதல் 65 டிகிரிக்குள் சுருங்கிவிடும். நன்றாகக் குரோம் ஏறிய தோல் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் சுருங்காது. இதைத்தான் நாங்கள் லேபில் கொதிநீர்ச் சோதனை என்று செய்கிறோம். குறுக்குப் பிணைப்பு கூடக் கூட என்சைமும் கிருமியும் உள்ளே பல் பதிக்க முடியாது. அதனால்தான் செருப்பு அழுகுவதில்லை.

டிரெஸ்ஸிங்கில் செய்வதும் இதே வேலைதான். ஆனால் குரோமியம் கிடையாது, அளவும் மிகக் கொஞ்சம். குளுட்டரால்டிஹைடைத் துளி அளவில் சேர்ப்பது ஒரு முறை. எந்த ரசாயனமும் இல்லாமல் வெற்றிடத்தில் சூடேற்றுவது இன்னொரு முறை. உலர்ந்த நிலையில் என்பதால் அந்தச் சூட்டைக் கொலாஜன் தாங்கும். பிணைப்பு குறைந்தால் தாள் சீக்கிரம் கரைந்து சாரம் சரிந்துவிடும். அதிகமானால் கரையாமல் உள்ளேயே நின்று, உடம்பு அதை ஒரு முள்ளைப் போலப் பாவித்துச் சுற்றிலும் தழும்பு கட்டிவிடும். கான்கிரீட் இறுகுவதற்கு முன் சென்ட்ரிங்கைப் பிரித்தாலும் ஆபத்து, பிரிக்காமலே விட்டாலும் வீட்டில் குடியிருக்க முடியாது. அதே நியாயம்தான் இங்கேயும்.

இதைக் கணக்காகவே போட்டுக் காட்டியவர் ஒரு டாக்டர் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் துறைப் பேராசிரியராக இருந்த அயோனிஸ் யானஸ். மெக்கானிக்கல் தோழர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்! சாரம் கரைவதற்கு ஆகும் காலமும் புதுத் திசு உருவாவதற்கு ஆகும் காலமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்றார் அவர். பாஸ்டன் நகர அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜான் பர்க்குடன் சேர்ந்து, மாட்டுத் தோல் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருளையும் கலந்து துளைகள் நிறைந்த பஞ்சு செய்தார். அதன் மேல் மெல்லிய சிலிக்கோன் படலம். 1981-ல் உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோன 10 நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்திய முடிவை வெளியிட்டார்கள். பஞ்சு கரையக் கரைய அந்த இடத்தில் உள்தோல் மாதிரியே புதுத் திசு வளர்ந்தது. பிறகு சிலிக்கோனை உரித்து, நோயாளியின் சொந்த மேல்தோலை மெல்லியதாக எடுத்து ஒட்டினார்கள். 'இன்டெக்ரா' என்ற பெயரில் 1996-ல் அதற்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

எதற்குப் போடலாம், எதற்குக் கூடாது?

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் எந்தப் புண்ணுக்கும் கொலாஜன் வாங்கி ஒட்டிவிடலாமே!" என்று கிளம்பிவிடாதீர்கள். சொல்லவந்த முக்கிய விஷயமே இங்கேதான் இருக்கிறது. கொலாஜன் தாள் காயத்தை ஆற்றுவதில்லை. ஆற்றுவது உடம்பு. தாள் வெறும் சாரம். மனை சுத்தமாக இல்லாமல், தண்ணீர் வராமல், ஆள் வராமல் சாரம் மட்டும் கட்டினால் வீடு எழும்புமா?

மேலோட்டமான தீக்காயம், கொப்புளம் உடைந்த வெந்நீர்க் காயம், ஒட்டுத் தோல் எடுத்த இடம், இவை இதற்கு ஏற்றவை. சீழ் பிடித்த காயத்தின் மேல் போட்டால் கிருமிக்குப் போர்வை போர்த்தி விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். கறுத்த, செத்த திசு இருந்தால் முதலில் அதை அகற்ற வேண்டும். தோலின் முழு ஆழமும் வெந்த பெரிய காயத்துக்குச் சாதாரணத் தாள் போதாது, ஒட்டுத் தோல் வைக்க வேண்டி வரும். அந்தக் கொலாஜன் யாருக்கு ஒவ்வாமையோ அவர்களுக்கும் ஆகாது. சில தாள்கள் ஆல்கஹால் கலந்த திரவத்தில் ஊறிய நிலையில் பாக்கெட்டில் வரும். அவற்றைச் சலைனில் நன்றாக அலசிய பிறகுதான் போட வேண்டும், இல்லையேல் எரிச்சல் உயிர் போகும்.

சர்க்கரை நோயாளியின் கால் புண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம்மில் பலர் வீட்டில் அப்பாவுக்கோ, அம்மாவுக்கோ, தாத்தாவுக்கோ சர்க்கரை இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடுவதால் ஆணி குத்தினாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவு. அதே புண்ணின் மேல் தினமும் நடப்பதால் அது ஆழமாகிக்கொண்டே போகும். கடைசியில் விரலையோ காலையோ எடுக்கிற நிலைமை வருகிறது. இங்கே கொலாஜன் எவ்வளவு உதவும்? 2002-ல் அமெரிக்காவில் 276 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு வெளிவந்தது. பாதிப் பேருக்குக் கொலாஜனும் செல்லுலோஸும் கலந்த டிரெஸ்ஸிங், மீதிப் பேருக்கு ஈரக் காஸ் துணி. 12 வாரத்தில் முதல் பிரிவில் 37 சதவீதம் பேருக்கும், இரண்டாவது பிரிவில் 28 சதவீதம் பேருக்கும் புண் முழுதாக ஆறியது. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அது டிரெஸ்ஸிங்கினால்தான் வந்தது என்று புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. இன்னொரு பக்கம் பாருங்கள்: புதிய டிரெஸ்ஸிங் போட்டும் 63 சதவீதம் பேருக்கு 12 வாரத்தில் ஆறவில்லை!

அதனால் டாக்டர்கள் வரிசையாகச் சொல்வது இதுதான். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த இடத்தின் மேல் எடை விழாதபடி தகுந்த செருப்போ கட்டோ போட வேண்டும். இத்தனைக்கும் பிறகு வருவதுதான் டிரெஸ்ஸிங். விலை உயர்ந்த தாளைக் கடனோ உடனோ வாங்கி ஒட்டிவிட்டு அதே தேய்ந்த ரப்பர் செருப்பில் நடக்க விட்டால் பணமும் போகும், காலும் போகும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. தாள் மாட்டுக் கொலாஜனா, பன்றிக் கொலாஜனா, மீன் கொலாஜனா? சிலருக்கு மத நம்பிக்கை காரணமாக இது முக்கியமான விஷயம். கேட்பதில் வெட்கமே வேண்டாம். "டாக்டர், இது எதிலிருந்து செய்தது?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. வேறு வகையும் வாழையிலை போன்ற மாற்று வழியும் உண்டு. ஆமாம், வாழையிலைதான்! கிருமி நீக்கிய வாழையிலையைத் தீக்காயத்துக்குக் கட்டும் முறையை மும்பை டாக்டர்கள் சோதித்துப் பார்த்து 2003-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஈரம் காக்கும், ஒட்டாது, மலிவு. ஆனால் சாரமாக நிற்கும் வேலையை இலை செய்யாது.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

ஃபவுண்டரியிலோ வெல்டிங் ஷாப்பிலோ விடுதிச் சமையலறையிலோ யாருக்காவது சுட்டுவிட்டால் முதல் மருந்து குழாய்த் தண்ணீர். 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம். பேஸ்ட், இங்க், காபித் தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். இவற்றையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் டாக்டர் காயத்தையே பார்க்க முடியும், அந்தச் சுரண்டலின் வலி சூட்டு வலியைவிட மோசம். மோதிரம், வாட்ச் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பெரிய காயம் என்றால் உடனே 108.

வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால் தினமும் ராத்திரி அவர் பாதத்தை நீங்கள் பாருங்கள். அவருக்குக் கண் மங்கலாக இருக்கலாம், குனிய முடியாமலும் இருக்கலாம். விரல் இடுக்கு, குதிகால், ஓரம் எல்லாம் பாருங்கள். செருப்புக்குள் கையை விட்டு ஆணியோ கல்லோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. எந்தக் கொலாஜன் தாளும் செய்யாத உபகாரம் இது.

தோழர்களே! டேனரியில் மட்டமான சரக்கு என்று ஒதுக்கும் ஸ்பிளிட்டில் ஒரு மனிதனின் வெந்த தோலுக்குச் சாரம் கட்டும் பொருள் இருக்கிறது. அதைக் கண்டெடுக்க இயற்பியல்காரர் கயிற்றின் புரியை எண்ணினார், தோல்காரர் பிணைப்பின் அளவைக் கற்றுக்கொடுத்தார், மெக்கானிக்கல்காரர் கரையும் காலத்தைக் கணக்கிட்டார், டாக்டர் காயத்தில் வைத்துப் பார்த்தார். நம் டிப்ளமோ எந்தப் பிரிவாக இருந்தாலும் அதில் ஒரு வேலை நமக்கும் காத்திருக்கிறது. தாளை ஊற்றும் தட்டு, உலர்த்தும் இயந்திரம், கிருமி நீக்கும் அறை, தரம் பார்க்கும் லேப் என்று எல்லா இடத்திலும் நம்மைப் போன்றவர்கள்தான் நிற்பார்கள். அங்கே நிற்கிறவர் பிணைப்பின் அளவில் கொஞ்சம் அசட்டையாக இருந்தால், எங்கோ ஒரு குழந்தையின் காயத்தில் சாரம் முன்கூட்டியே சரிந்துவிடும். அதை மட்டும் மறக்காமல் இருப்போம்.